துறையில் வைத்துச் சொன்னது

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் என்னைத் தெரியாத அலை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாய் வள்ளத்தில் கூலிக்கு நின்று, கை காய்த்து, தோள் கறுத்து, மீசை நரைப்பதற்கு முன்பே சொந்தமாக ஒரு மோட்டார் வள்ளத்தை அந்தக் கடலில் ஓடவிட்டேன். ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இங்கிலீசு படித்ததும் அந்தக் கடலில்தான். முழு இங்கிலீசும் அல்ல. கோபத்துக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற சொற்கள் மட்டும். ஆனால் அவற்றை நான் அறிந்த அளவுக்குக் கொழும்பில் கழுத்துப்பட்டி கட்டியவர்களும் அறிந்திருக்கமாட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் படித்தார்கள். எனக்கு அது ஒரு கலியாணத்தால் வந்த படிப்பு.

அறுபதுகளின் கடைசி. என் வீடு குறிகட்டுவான் துறை இருக்கிற புங்குடுதீவில். என் ஒரே தங்கையை நெடுந்தீவில் கட்டிக்கொடுத்திருந்தேன். அவளுடைய புருசன், என் மச்சான், மாடும் ஆடும் வைத்துச் சீவிக்கிறவன். நல்ல மனிசன். மாட்டோடு பழகிப் பழகி மனிதரோடு எப்படிக் கதைப்பது என்பதைப் பாதி மறந்தவன். அவர்களுடைய மூத்த பெட்டைக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. பேச்சுக்கு நானும் போயிருந்தேன்; போகாமல் நடக்குமா? தாய்மாமன். இனி நாள் வைப்பதுதான் பாக்கி.

ஒரு நாள் காலை நெடுந்தீவுத் துறையில் வள்ளம் கட்டி நிற்கிறது. இயந்திரம் இரைகிறது. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்று சந்தைக்குப் போகிற ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வள்ளத்துக்குள் விடுகிறான். அந்த இரைச்சலுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கத்தினான்.

“மச்சான்! பெடிச்சிக்கு நாள் வைச்சாச்சு. வாற மாசம். நேரத்தோடை வந்திடுங்கோ, என்ன? இந்தா, இந்தக் கிடாயின்ரை கயிறைப் பிடியுங்கோ.”

கலியாணமும் கிடாய்க் கயிறும் ஒரே மூச்சில் வந்தன. நான் கயிற்றைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது, கிடாய் கடலுக்குள் பாயப் பார்க்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வது என்றால் வீட்டுக்கு வந்து சொல்வது. புருசனும் பெண்சாதியுமாக வரவேண்டும். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கொஞ்சம் கதைத்து, பிறகு எழும்பி வெற்றிலைத் தட்டத்தை நீட்டிச் சொல்லவேண்டும். தெருவில் கண்டு சொன்னது சொன்னதாகாது. தாய்மாமன் வீட்டுக்கென்றால் அதுதான் முதல் படியேற்றம். எனக்கோ துறையில் வைத்து, ஆட்டோடு ஆடாக.

மச்சான் என்ன நினைத்தான் என்பதும் எனக்குத் தெரியும்: நாள் தவறாமல் எங்கள் துறைக்கு வருகிற மனிசனுக்குச் சொல்ல, அவருடைய வள்ளத்திலேயே ஏறிப் போய், அவருடைய வீட்டில் இறங்கி, திரும்பவும் அவருடைய வள்ளத்திலேயே வருவதா? கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். கடல் நடுவில் கிடக்கிற சனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய நியாயம்.

அன்றிலிருந்து நான் கதைப்பதை நிறுத்தினேன். வள்ளம் நிற்கவில்லை, அது தொழில். மச்சானின் ஆடு வந்தால் ஏற்றினேன், சாமான் வந்தால் இறக்கினேன். துறையில் இறங்கிக் கால் மட்டும் வைக்கவில்லை. என் கண்ணும் மச்சான் பக்கம் போகவில்லை. ஊர் உடனே பெயர் வைத்துவிட்டது.

“அண்ணை தங்கச்சி வீட்டோடை கோவமாம்.”

எங்கள் தீவுகளில் கோவம் என்றால் கதைபேச்சு இல்லை என்று பொருள். ‘அந்த வீட்டோடை நாங்கள் கோவம்’ என்று ஒருவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்வார். முகத்தில் சூடு இராது. தமிழில் வேறு சொல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சினம், ரோசம், மனத்தாங்கல், எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கள் வாய்க்குச் சோம்பல். எது நடந்தாலும் கோவம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவோம்.

சாக்குக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாவிட்டால் மருந்தும் பிழைக்கும். மச்சான் பார்த்தான்: கோவம்தானே, ஆறிவிடும். ஆறும்வரை பொறுப்போம், ஆறுவதற்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடுப்போம். ஒரு முட்டி தயிர் வள்ளத்தில் வந்தது. நெடுந்தீவுத் தயிர் வெட்டி எடுக்கலாம் போல இருக்கும். நான் தொடவில்லை. மறுநாள் அதே முட்டி அதே மூடுதுணியோடு திரும்பிப் போனது. அடுத்த நாள் புதுத் தயிர் வந்தது. அதுவும் திரும்பிப் போனது. குறிகட்டுவான் துறையில் தேத்தண்ணிக் கடைக்காரன் என்னைக் கண்டால் விடமாட்டான்.

“அண்ணை, உந்தத் தயிர் ரிக்கெற் எடுக்காமல் எத்தினை தரம் போய் வருது? உதுக்கு ஒரு சீசன் ரிக்கெற் அடிச்சுக் குடுங்கோவன்.”

“நீ உன்ரை தேத்தண்ணியைப் பார். அதுக்கை பால் விழுந்து எத்தினை வருசம்?”

வாய் என்னவோ சும்மா இருக்கவில்லை. ஆனால் இரவில் பாயில் படுத்தால் கடல் என் காதுக்குள் வந்து படுக்கும். தங்கை சின்னப் பிள்ளையாக, ஈரப் பாவாடையோடு, வற்றுக் கடலில் எனக்கு முன்னால் நடந்து போவது போலத் தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டாள். இங்கே என் மனைவி ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: “இஞ்சேருங்கோ, கலியாணத்துக்குப் போறமோ இல்லையோ?” அங்கே தங்கை பிடித்த பிடியில் நின்றாள். அண்ணை வராத மணவறையில் என்ரை பிள்ளை இராது என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். நாள் நெருங்குகிறது. பெட்டையின் கலியாணம் என் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நானோ என்ன வேண்டும் என்று சொல்லமுடியாதவன். வந்து சொல்லு என்று வாய்திறந்து கேட்டால் பிறகு அது என்ன அழைப்பு?

அந்த நாட்களில் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்த ரீச்சர் ஒருத்தி என் வள்ளத்தில் வருவா. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவா. நெடுந்தீவில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் அறை எடுத்து இருந்தா. அலை அடித்தாலும் சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்து சிவப்புப் பென்சிலால் கொப்பி திருத்துவா. என் பல்கலைக்கழகம் அந்தப் பலகைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தலையிலே கைவைத்தா.

“பாருங்கோ அண்ணை, முழு வகுப்பும் ‘அங்ரி’ எண்டு எழுதி வைச்சிருக்குதுகள். அம்மா அடிச்சாலும் அங்ரி. நுளம்பு கடிச்சாலும் அங்ரி. கூட்டாளி கதைக்காட்டிலும் அங்ரி.”

“கோவத்துக்கு அங்ரி எண்டுதானே சொல்லுறவை? அது போதாதோ ரீச்சர்?”

“போதாது. நீங்கள் காத்துக்கு ஒரு சொல்லோ வைச்சிருக்கிறியள்?”

கேட்ட கேள்வி அப்படியே என்னைப் பிடித்துக்கொண்டது. காற்றுக்கு ஒரு சொல்லா? வாடை ஒன்று, கொண்டல் ஒன்று, சோளகம் ஒன்று, கச்சான் ஒன்று. எல்லாம் காற்றுத்தான் என்று நினைத்துப் பாய் விரித்தவன் கரை சேரமாட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றிரண்டு சொல் கேட்டேன். என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும், ஒருமுறை கேட்டதை இன்றுவரை மறக்கவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. கடலில் வைத்துக்கொண்டேன். ‘அனோயிட்’ என்றால் சின்ன எரிச்சல். வள்ளத்தின் வயிற்றில் சளக் சளக் என்று தட்டுகிற சிற்றலை. கொஞ்சத் தூரம் போனால் காது அதை மறந்துவிடும். ‘அங்ரி’ கோடைச் சோளகம் மாதிரி. காரணம் இருக்கும், சூடு இருக்கும், வீசித் தீர்ந்ததும் படுத்துவிடும். ‘பியூரியஸ்’ என்றால் கண்மண் தெரியாதது. அந்த நேரம் வள்ளத்தை அவிழ்க்கவே கூடாது. ‘றிசென்ற்’ என்று ஒன்று. பழையதை வயிற்றிலிருந்து எடுத்து எடுத்து மெல்லுவது. மச்சானின் மாடுகள் மர நிழலில் படுத்துக்கொண்டு செய்வதைத்தான் வெள்ளைக்காரன் மனிதனுக்குச் சொல்கிறான்.

மத்தியானத்தில் திரும்பிவரும்போது அந்தக் கடல் ஒரு மாதிரி இருக்கும். வெயில் வெள்ளையாகி, வானமும் தண்ணீரும் எங்கே ஒட்டுகின்றன என்று தெரியாது. தீவுகள் தண்ணீரைத் தொடாமல் ஒரு சாண் மேலே எழும்பி நிற்கும். நயினாதீவுக் கோபுரம் காற்றில் தொங்கும். புங்குடுதீவுப் பனைகளுக்கு வேர் இராது. அந்த வெளிச்சத்துக்குள் நான் அந்தச் சொற்களை வாய்க்குள் உருட்டிக்கொண்டு போவேன். பயணிகள் தூங்கிவழிவார்கள். சொற்களும் தீவுகளைப் போலவே, கிட்டப் போகும்வரை ஒன்றுக்கொன்று ஒட்டிக் கிடப்பதாகத் தெரியும். கிட்டப் போனால் நடுவில் ஒரு கடல்.

‘இன்டிக்னன்ட்’ என்று ஒரு சொல் சொன்னா. அநியாயத்தைக் கண்டு வருகிற கோபமாம். கேட்கவே மரியாதையாக இருந்தது.

“அதுதான் ரீச்சர் எனக்கு வந்தது” என்றேன். “எடுத்து வையுங்கோ.”

ரீச்சர் சிரித்துவிட்டா. “இல்லை அண்ணை. அது ஆருக்கு அநியாயம் நடந்தாலும் வாறது. உங்களுக்கு வந்தது உங்களுக்காக வந்தது.” பிறகு என் காலடியில் இருந்த தயிர் முட்டியைப் பென்சிலால் காட்டினா. “உது ஏன் போய் வருகுது எண்டு நானும் கேக்கேல்லை. நீங்களும் சொல்லேல்லை.”

அப்போதுதான் துறையில் நடந்ததை ஒருவருக்கு முதன்முதல் சொன்னேன். கிடாயையும் விடாமல் சொன்னேன். “அவர் என்னை அவமானப்படுத்திப்போட்டார் ரீச்சர். ஊர் பாக்கத் தக்கதாக.”

“அவமானப்படுத்தவெண்டே சொன்னவரோ?”

“அதை நான் என்னண்டு சொல்லுறது?”

“சொல்லத்தான் வேணும். இங்கிலீசிலை அதுக்கு ரெண்டு சொல்லு. குடுத்தவன்ரை கையிலை கல்லு இருந்தால் ‘இன்சல்ட்’. அவன்ரை கை வெறுங்கை, ஆனால் உங்கடை நெஞ்சிலை பட்டிட்டுது எண்டால் அது வேறை. அதுக்கு ‘ஒபென்டட்’. கல்லு இருந்ததோ இல்லையோ, நோவு நோவுதான். ஆனால் ரெண்டுக்கும் ஒரே பேரில்லை.”

கரை வந்தது. ரீச்சர் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. நெடுந்தீவை நோக்கிப் போகிறேன். இயந்திரத்தின் சத்தம் உடம்போடு கலந்து, அது ஓடுகிறதா நான் ஓடுகிறேனா என்று தெரியவில்லை. சுக்கானில் கை கிடக்க, கண் திறந்தபடியே அந்தக் காலையைத் திரும்பப் பார்த்தேன். இந்தமுறை கிடாயைப் பார்க்கவில்லை; மச்சானின் முகத்தைப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் நனைந்திருந்தான். தாடியில் உப்புநீர். பல் முழுவதும் தெரியச் சிரித்தான். நாள் வைத்தது முதல் நாள் இரவாகத்தான் இருக்கவேண்டும். விடிந்ததும் துறைக்கு வந்திருக்கிறான். கண்ட முதல் ஆளாக என்னிடம் கத்தியிருக்கிறான். சந்தோசம் தாங்காத மனிசனுடைய முகம் அது. கையில் கல் இல்லை. கிடாய்தான் இருந்தது.

இதைக் கண்டதும் நெஞ்சு இளகிவிட்டது என்று சொன்னால் பொய். நோவு அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதன் முகம் தெரிந்துவிட்டது. தெரியாத காற்று என்றால்தான் பயம்.

நெடுந்தீவுத் துறையில் ரீச்சர் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டா. நான் வள்ளத்தில் நின்றபடியே கத்தினேன்.

“ரீச்சர்! இன்சல்ட் இல்லை! ஒபென்டட்!”

துறையில் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மீன் கூடையோடு நின்ற ஒருத்தி, “அண்ணைக்கு வெயில் பிடிச்சிட்டுதோ?” என்று கேட்டாள். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தத் துறையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு இங்கிலீசை ஒருவனும் பேசியிருக்கமாட்டான்.

ரீச்சர் நேரே என் தங்கை வீட்டுப் படலையடியில்தான் போய் நின்றிருக்கிறா. இதைத் தங்கை எனக்குப் பிறகு சொன்னாள். “இனித் தயிர் அனுப்பாதேங்கோ அக்கா. உங்கடை அண்ணைக்குக் கோவம் இல்லை. கோவமெண்டால் ஆறும். இது ஆறாது, இது உறையிற சாமான். பாத்துக்கொண்டு இருக்க இருக்க இறுகும்” என்றாவாம் ரீச்சர். தயிரோடு சீவிக்கிற வீட்டுக்கு உறைவதைப் பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை. தங்கை மச்சானைத் திரும்பிப் பார்த்தாளாம். “உங்களுக்கு அண்டைக்கே சொன்னனான். வீட்டை போய்ச் சொல்லவேணும் எண்டு.”

அடுத்த ஞாயிறு காலை. நெடுந்தீவுத் துறையில் வள்ளம் கட்டி நிற்கிறது. தூரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். மச்சான் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தாடி வழித்திருந்தான். வழித்த இடம் வெளுத்து, யாரோ புது ஆள் போல இருந்தான். தங்கை கூறைச்சேலை உடுத்திருந்தாள். அவளுடைய இரண்டு கையிலும் வெள்ளைத் துணி போர்த்த ஒரு தட்டம்.

என்னிடம் வருவதற்கு என் வள்ளத்தை விட்டால் அந்தக் காலையில் வேறு வழி இல்லை. ஏறினார்கள். இப்போது பாருங்கள் சங்கடத்தை. வள்ளத்தில் வைத்துக் கதைத்தால் அதுவும் துறையில் வைத்துச் சொன்ன மாதிரித்தான். அவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே அவர்கள் என்னைக் காணவில்லை. நான் அவர்களைக் காணவில்லை. தட்டம் தங்கையின் மடியில் இருந்தது. துணியின் ஓரம் காற்றில் எழும்பும். அவள் விரலால் அமர்த்துவாள். நான் கடலைப் பார்த்தேன்.

அந்த வழியில் எத்தனை ஆயிரம் தரம் போய் வந்திருப்பேன். அதுபோல ஒரு பயணம் வாய்த்ததில்லை. என் கை தானாகவே இயந்திரத்தைத் தணித்தது. அலை பட்டுத் தட்டம் நனையக்கூடாது. வள்ளம் தண்ணீரில் போகிறதா வெளிச்சத்தில் போகிறதா என்று தெரியாமல் போனது. வெற்றிலையின் பச்சை மணமும் சந்தன மணமும் டீசல் மணத்தைத் தாண்டி வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போயின. ஆட்டுக்காரர், மீன்காரர், கோயிலுக்குப் போகிறவர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். தீவுச் சனம் கெட்டிக்காரச் சனம். என்ன நடக்கிறது என்று முழு வள்ளத்துக்கும் விளங்கியிருந்தது.

குறிகட்டுவான் வந்ததும் சுக்கானை இயந்திரம் பார்ப்பவரிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் பாய்ந்தேன். அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவதற்கு முன்னால் நான் வீட்டில் இருக்கவேண்டுமே. பனங்காட்டுக் குறுக்குப் பாதை, மணல், சங்கிலி வேறு கழன்றுவிட்டது. கையால் தூக்கிப் போட்டு மிதித்தேன். வீட்டுக்குள் விழுந்து, முகம் கழுவி, புது வேட்டி கட்டிக் கதிரையில் இருந்தேன்.

மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துச் சிரிப்பை அடக்கினாள். “முதல் தண்ணியைக் குடியுங்கோ. வெத்திலை வாங்கிற நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நிப்பியள்.”

“எனக்கு ஒரு மூச்சும் வாங்கேல்லை.”

“கையிலை என்ன கறுப்பு?”

சங்கிலி எண்ணெய். ஓடிப்போய்த் துடைத்தேன்.

அவர்கள் வரவில்லை. வரவே இல்லை. பஸ் போன சத்தம் கேட்டது, ஒருவரும் இறங்கவில்லை. படலைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது: தங்கை மச்சானைத் துறையடித் தேத்தண்ணிக் கடையில் இருத்தி, ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடிக்கவைத்து, அந்தப் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். “அண்ணை முதல் வீட்டை போய்ச் சேரட்டும்” என்றாளாம்.

படலை திறந்தது. நான் எழும்பி முற்றத்துக்கு வந்தேன்.

“ஆர்? வாருங்கோ, வாருங்கோ! எப்ப வந்தனீங்கள்?”

“இப்பதான் மச்சான், வாறம்” என்றான் அவன், கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு.

“கடல் எப்பிடி?”

“நல்ல கடல். வள்ளக்காரன் நல்ல மெதுவாக் கொண்டுவந்தவன்.”

மனைவி குசினிக்குள் ஓடிவிட்டாள். அவள் சிரித்த சத்தம் அங்கிருந்து கேட்டது. கதிரையில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது; இரண்டாம் தேத்தண்ணி என்று மச்சான் காட்டிக்கொள்ளவில்லை. மழை பற்றிக் கதைத்தோம், பசு கன்று போட்டது பற்றிக் கதைத்தோம். பிறகு இருவரும் எழும்பினார்கள். தங்கை தட்டத்தின் துணியை எடுத்தாள். மச்சான் அதை வாங்கி இரண்டு கையாலும் நீட்டினான். எருமையின் கொம்பைப் பிடிக்கிற கைகள்.

“மச்சான், உங்கடை மருமகளுக்குக் கலியாணம். நீங்களும் மச்சாளும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். ஏதும் குறை நினைக்காமல் வரவேணும்.”

வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். “வேறை ஆர் நடத்துறது?” என்று கேட்டேன். பெரிதாகச் சொல்ல நினைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தங்கை குனிந்து கண்ணைத் துடைத்தாள்.

பின்னேரம் அவர்களைத் திரும்பக் கூட்டிப் போனதும் நான்தான். ஞாயிறு, ரீச்சரும் வந்து தன் பலகையில் இருந்தா. வெயில் சாய்ந்து கடல் தேன் நிறமாகிவிட்டது. பூட்டியிருந்த வாய்கள் எல்லாம் திறந்துவிட்டன. தங்கை கூடைக்குள்ளிருந்து ஒரு முட்டி தயிர் எடுத்தாள். காலையில் கொண்டுவந்து, வீட்டில் நீட்டத் துணியாமல் மறைத்து வைத்திருந்திருக்கிறாள். இரண்டு கையும் வேண்டும் எனக்கு, அதைச் சாப்பிட.

“மச்சான், சுக்கானைக் கொஞ்சம் பிடியும்.”

மாட்டுக்காரன் சுக்கான் பிடித்தால் எப்படி இருக்கும்? வள்ளம் மேயப் போகிற கன்றுபோல இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. தயிர் என் புது வேட்டியில் ஊற்றுப்பட்டது.

“இதென்னப்பா, நேரா விடத் தெரியாதோ? மாடெண்டு நினைச்சீரோ?” என்று சத்தம் போட்டேன். பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினேன். “ரீச்சர், இப்ப எனக்கு வந்தது எது?”

ரீச்சர் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்து, என் முகத்தையும் வேட்டியையும் வடிவாகப் பார்த்தா.

“அனோயிட், அண்ணை” என்றா. “வெறும் அனோயிட்.”